"என்ன நடந்தது?" என்று முதலில் கேட்காதீர்கள்

அகதிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. புதிதாக உதவ வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது: அகதியிடம் அவருக்கு என்ன நடந்தது என்று கிளறாதீர்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நல்ல மனதோடுதான் கேட்கிறோம். ஆனால் தயாராகாதவரைச் சொல்லவைத்தால் பழைய பயம் அப்படியே திரும்பும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவராகப் பேசினால் கேளுங்கள் என்கிறது.

அவர் இழந்தவற்றில் பெரியது, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை. அதைச் சின்ன விஷயங்களில் திருப்பிக் கொடுக்கலாம். கதவு கண்ணில் படும்படி உட்காரவையுங்கள். கதவைச் சாத்தவா, திறந்தே இருக்கட்டுமா என்று கேளுங்கள். குறிப்பெடுத்தால் அதை யார் படிப்பார்கள் என்று சொல்லுங்கள். தூக்கமில்லாதவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. அடுத்த சந்திப்பின் நாளையும் நேரத்தையும் அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். அவருடைய பிள்ளையை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றவர் பட்ட சித்திரவதையைப் பிள்ளை தன் வாயால் சொல்லக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிலர் உறைந்துபோவார்கள். கண் எங்கோ நிலைத்துவிடும். மனம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. தொடாதீர்கள், பின்னாலிருந்து நெருங்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது எந்த ஊர், இன்று என்ன தேதி, கூட இருப்பது யார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரைக் கேளுங்கள். அவர் திரும்பி வந்ததும் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், போதும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், ஆட்களையும் இடங்களையும் தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையே நடக்கவில்லையென்றால் மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும் சிகிச்சை அகதிகளுக்குப் பலன் தருகிறது. ஆனால் அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

புகலிட விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருப்பதும், குடும்பம் வேறு நாட்டில் சிக்கியிருப்பதும் காயத்தை ஆறவிடாது. அதனால் வக்கீலைப் பார்க்கக் கூடப் போவதும் மனநல உதவிதான்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல், அப்போதே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.