போலரைசர் ஃபில்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? மரை அளவு முதல் கண்ணாடிச் சோதனை வரை

மழையில் நனைந்த வாழையிலையைப் படம் எடுத்தால், இலையின் பச்சையைவிட அதன்மேல் படிந்த வெள்ளைப் பளபளப்பே முன்னே நிற்கும். அந்த வெளிச்சத்தின் அடியில் இருந்த நிறம் கேமராவில் சரியாகப் பதிவாகவில்லை என்பதால், பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அது முழுமையாகத் திரும்பி வராது. வண்ணத்தைக் கூட்டும் ஃபில்டர்களின் வேலையை இன்று மென்பொருளே செய்துவிடுகிறது என்றாலும், அந்தப் பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசருக்கு மட்டும் இன்னும் சரியான மாற்று இல்லை.

நீர், கண்ணாடி, இலை போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி, பெருமளவு ஒரே தளத்தில் அதிர்கிறது. பாரிஸில் 1808ஆம் ஆண்டு, லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் எதிரொளித்த வெயிலைப் படிகம் ஒன்றின் வழியே பார்த்தபோது மாலுஸ் என்ற பொறியாளர் கண்டறிந்தது இதைத்தான். அந்தத் தளத்து ஒளியைத் தடுக்கும்படி திருப்பக்கூடிய கண்ணாடிதான் போலரைசர். உலோகத்தின் பளபளப்பை அது குறைக்காது. ஆகவே எவர்சில்வர் பாத்திரங்களைப் படம் எடுப்பதற்காக இதை வாங்க வேண்டாம்.

படி 1: மரை அளவு

லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, குறுக்கே கோடு கிழித்த வட்டக் குறிக்குப் பக்கத்தில் 49, 52, 58, 67, 77 போன்ற ஓர் எண் இருக்கும். ஃபில்டர் மரையின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது அந்த எண்தான். லென்ஸின் பெயரில் வரும் 18-55 என்பது குவியத் தூரம். அதைப் பார்த்து 55 மி.மீ. ஃபில்டர் கேட்பது புதியவர்கள் எளிதில் செய்யக்கூடிய தவறு. கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மி.மீ. ஃபில்டர் வேண்டும்; நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸுக்கோ 58 மி.மீ. வேண்டும்.

லென்ஸ்கள் இரண்டு மூன்று இருந்தால், பெரிய மரைக்கு ஏற்ற நல்ல ஃபில்டர் ஒன்றை வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் (சிறிய மரையில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் இடைவளையம்) போட்டுக்கொள்வதே சிக்கனம். அவ்வாறு போட்டால் அந்த லென்ஸ்களின் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் முன்மறைப்பு) பெரும்பாலும் பொருந்தாது.

படி 2: வகை

சர்க்குலர், லீனியர் என இரண்டு வகைகள் உண்டு. சர்க்குலர் என்பது ஃபில்டரின் வட்ட வடிவத்தைக் குறிப்பதன்று. லீனியர் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய அடுக்கைச் சேர்த்து, உள்ளே செல்லும் ஒளியை வட்டத் தளவிளைவு கொண்டதாக, அதாவது அதிரும் திசை சுழன்றபடி செல்வதாக, மாற்றியிருப்பதால் அந்தப் பெயர். டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒளியைப் பகுக்கும் கண்ணாடி இருப்பதால், லீனியர் ஃபில்டர் ஆட்டோஃபோகஸையும் ஒளி அளவீட்டையும் குழப்பக்கூடும். மிரர்லெஸ் கேமராவில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், கடையில் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) என்றே கேட்டு வாங்குங்கள்.

படி 3: கண்ணாடியும் வளையமும்

இரு பக்கமும் மல்டி கோட்டிங் (எதிரொளிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு) உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பூச்சு இல்லாத மலிவான கண்ணாடி, ஒரு பளபளப்பை நீக்கிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து சேர்க்கும். அகலக்கோண லென்ஸாக இருந்தால் மூலைகள் இருளாமலிருக்க ஸ்லிம் வளையம் நல்லது, ஆனால் சில ஸ்லிம் வகைகளில் முன்புற மரை இருக்காது என்பதால் லென்ஸ் மூடி மாட்டுமா என்று பார்த்துவிடுங்கள். பித்தளை வளையம் அலுமினியத்தைவிட விலை கூடியது. ஆனால் அது மரையில் இறுகிச் சிக்கிக்கொள்வது குறைவு.

படி 4: கடையிலேயே சோதனை

பெட்டியில் எழுதியிருப்பதை நம்புவதைவிட இரண்டு நிமிடம் செலவிடுவது மேல். ஃபில்டரின் முன்புறம் எல்சிடி மடிக்கணினித் திரையை நோக்கியிருக்கும்படி பிடித்து, அதன் வழியே திரையைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை ஏறக்குறைய கருப்பாக வேண்டும். எவ்வளவு திருப்பியும் மாறாவிட்டால் அது போலரைசரே அன்று.

அடுத்து முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று, லென்ஸில் மாட்டும் மரை உள்ள பக்கம் கண்ணாடியை நோக்கியிருக்கும்படி பிடித்து, ஃபில்டர் வழியே அதன் பிம்பத்தைப் பாருங்கள். சர்க்குலர் வகையானால் பிம்பத்தில் ஃபில்டர் இருண்டிருக்கும். முன்பக்கத்தைக் கண்ணாடி நோக்கித் திருப்பிப் பிடித்தால் தெளிந்துவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது லீனியர். கடைசியாக ஒரு வெள்ளைத் தாளின்மீது வைத்து, மஞ்சளோ நீலமோ அதிகமாக ஏறுகிறதா என்று பாருங்கள்.

படி 5: முதல் படம்

யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டு மாட்டுங்கள். நீர்நிலையைப் படம் எடுக்கும்போது, நீர்ப்பரப்புடன் ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்த்தால் எதிரொளிப்பு மிக நன்றாக மறையும். நீல வானம் ஆழ்ந்து தெரிய, சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டில் கேமரா நோக்க வேண்டும். அகலக்கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாக இருண்டு போகும். அப்போது வளையத்தைக் கொஞ்சம் பின்வாங்கித் திருப்பினால் போதும். ஃபோகஸ் செய்யும்போது முன்பாகம் சுழலும் பழைய லென்ஸ்களில், ஃபோகஸை முடித்த பிறகே ஃபில்டரைத் திருப்ப வேண்டும்.

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் குறைக்கும்; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். 1/250 நொடியில் எடுத்த காட்சிக்கு 1/60 வரை இறங்க நேரிடலாம் என்பதால், மாலை மங்கியதும் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். வானவில் தோன்றும்போது மட்டும் அவசரப்படாமல் வளையத்தை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்: ஒரு கோணத்தில் வில்லின் ஒரு பகுதி காணாமலே போகும், அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பினால் அதே பகுதி முன்னைவிடத் துலக்கமாகத் திரும்பி வரும்.