கீரிப்பூச்சியை வீட்டிலிருந்து முழுதாகப் போக்குவது எப்படி?

பிள்ளை இரவில் மலவாய்ப் பக்கம் சொறிந்துகொண்டு நித்திரையின்றிப் புரண்டால், இனிப்புக் கூடிவிட்டதென்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கீரிப்பூச்சி குடலில் வாழும் சிறு புழு; அதன் பெண் இரவில் வெளியே வந்து மலவாயைச் சுற்றி முட்டையிடுவதால்தான் அந்த அரிப்பு. எங்கள் வீட்டில் ஒருதடவை போய் மறுபடி தலைகாட்டிய பூச்சி, கடைசியில் எப்படி ஓய்ந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

1. கண்டுபிடித்தல்

முட்டை வெளித்தோலில் இடப்படுவதால் மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. விடிந்ததும், பிள்ளை கழுவுவதற்கு முன், ஒட்டுநாடாவைத் தோலில் ஒற்றி எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம். எனக்கு அதைவிட ரோர்ச் லைற்றில்தான் நம்பிக்கை: நித்திரையாகி இரண்டு மூன்று மணித்தியாலத்தின் பின் பார்த்தால், ஒரு சென்ரிமீற்றர் அளவில் வெள்ளை நூல்துண்டு போல நெளிவது தெரியும்.

2. குளிசை

மெபெண்டசோல், அல்பெண்டசோல் இரண்டில் எதுவும் போதும். அளவை வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாமசியில் நேரே வாங்கிக் கொடுக்கவே கூடாது.

பலருடைய வீட்டில் காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். குளிசை கொல்வது புழுவை. முட்டையை அது நம்பகமாகக் கொல்வதில்லை. சொறிந்த விரலின் நக இடுக்கிலும் விரிப்பிலும் தங்கிய முட்டைகள் இரண்டு மூன்று கிழமை வரை உயிரோடிருந்து, வாய்வழியே திரும்பவும் குடலுக்குப் போய்ப் பொரிக்கின்றன. ஆகவே இரண்டு கிழமை கழித்து அதே அளவை இன்னொருதடவை எடுக்க வேண்டும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சொறிச்சல் இல்லாத அம்மம்மா உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் விழுங்க வேண்டும், ஏனெனில் அறிகுறியே இல்லாமலும் ஒருவரிடம் பூச்சி இருக்கலாம்.

3. காலை வேலை

மாலைக் குளிப்பைவிடக் காலைக் குளிப்பே பயன்தரும்; இரவில் இட்ட முட்டைகள் அப்போதே கழுவுப்பட்டுவிடும். உள்ளாடையை நாளாந்தம் மாற்றுங்கள். விரிப்பை உதறாமல் சுருட்டியெடுத்துச் சுடுநீரில் தோய்த்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை

கொதித்தாறிய நீர் குடித்தும் ஏன் வருகிறதென்று சிலர் கேட்டிருந்தீர்கள். கீரிப்பூச்சி கையால் பரவுவது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் அது நிற்காது. ஆனால் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குக் கசிவது எளிதென்பதால், ஜியார்டியா போன்ற நுண்ணுயிருக்காகவேனும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். அதற்கு மருந்தும் வேறு. நாற்றமுள்ள, எண்ணெய்ப் பசையான வயிற்றோட்டம் நாட்கணக்கில் நீடித்தால் பூச்சிக்குளிசையோடு நில்லாமல் வைத்தியரிடம் போங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவர்களுக்குக் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொளுக்கிப்புழு தோலைத் துளைத்தே ஏறும். அவர்கள் செருப்புப் போடுவதோடு, களைப்பும் வெளிறலும் இருந்தால் இரத்தத்தையும் சோதிப்பது நல்லது.