மாடல் ரயில் பெட்டி அசலைப் போலவே அமைய, நம்பரில் தொடங்குங்கள்

நம்ம ஊர் ரயில் பெட்டிகளை எச்.ஓ. ஸ்கேலில், அதாவது 1:87-ல் செய்கிற பலரும் பெயின்ட், பாடி எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் கையில் இருக்கிற ஏதோ ஒரு நம்பர் டீகாலை, அதாவது ஒட்டு எழுத்தை, ஒட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நம்பர்தான் முதலில். நம்பர் தெளிவாகத் தெரிகிற ஒரு நிஜப் பெட்டியின் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

பழைய ஐந்து இலக்க கோச் நம்பரில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வருடம், கடைசி மூன்று இலக்கம் பெட்டியின் வகையைச் சொல்லும். 98215 என்றால் 1998-ல் தயாரான ஸ்லீப்பர். 98065 என்றால் டூ டயர் ஏசி, அதை ஸ்லீப்பரில் ஒட்டினால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். வருடம் தெரிந்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். எல்.எச்.பி. என்கிற புது டிசைன் கோச் ஜெர்மனியிலிருந்து வந்ததே 2000-ல்தான், அதனால் 98-ல் தொடங்கும் கோச் ஐ.சி.எஃப்., அதாவது சென்னை பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியின் பழைய டிசைனாகத்தான் இருக்க முடியும். அந்த டிசைனை பெரம்பூரில் 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது நீளம். ஐ.சி.எஃப். பாடி சுமார் 21.3 மீட்டர், மாடலில் 245 மி.மீ. எல்.எச்.பி. 23.5 மீட்டர், அது 270 மி.மீ. கிட் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள், நீளம் தப்பினால் ஜன்னல் இடைவெளி எல்லாமே தப்பும்.

அப்புறம் அடிப்பகுதி. பலர் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் ஓடும்போது பக்கவாட்டில் கண்ணில் படுவதே இதுதான். ஐ.சி.எஃப். ஸ்லீப்பரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் பிரேக் பிளாக் வேண்டும், ஆக்சிலிலிருந்து பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டர் வேண்டும், பேட்டரி பாக்ஸ் வேண்டும். எல்.எச்.பி.யில் டிஸ்க் பிரேக், கரன்ட் ஜெனரேட்டர் இருக்கும் பவர் காரிலிருந்தோ இன்ஜினிலிருந்தோ வருகிறது, அதனால் அந்த பெல்ட்டும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. பெட்டிகளை இணைக்கிற கப்ளிங்கை மட்டும் போட்டோ பார்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டு ஓரத்திலும் முட்டுத் தாங்கும் பஃபரும் நடுவில் திருகி இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கும்தான் ஐ.சி.எஃப். வழக்கம் என்றாலும் பிற்காலத்தில் சிலவற்றுக்கு இரண்டு வேலையையும் நடுவிலேயே செய்யும் சென்டர் பஃபர் கப்ளர் மாட்டினார்கள்.

கூட்ஸ் வேகனில் நம்பர் 11 இலக்கம்: வகை இரண்டு, ரயில்வே இரண்டு, வருடம் இரண்டு, வரிசை எண் நான்கு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். நீங்களே நம்பர் உருவாக்கினால் அந்தக் கடைசி இலக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். 3106980425 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடத்து இலக்கங்கள் 1, 6, 8, 4, 5, கூட்டினால் 24, மூன்றால் பெருக்கினால் 72. ஒற்றை இடத்தில் 3, 0, 9, 0, 2, மொத்தம் 14. இரண்டும் சேர்ந்து 86, அடுத்த பத்தின் மடங்கான 90-க்கு நான்கு குறைகிறது, அந்த நான்குதான் கடைசி இலக்கம். பாக்ஸ்-என் என்கிற மேலே திறந்த வேகன்கள் கோத்த ரேக்கில் எல்லா வேகனும் ஒரே அச்சாக இருக்கலாம், 123 மி.மீ. நீளம், ஆனால் நம்பர் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கோச்சுக்குக் கடைசி வேலை, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பி.ஓ.எச்., அதாவது முழுப் பராமரிப்புத் தேதி. எக்ஸ்பிரஸில் ஓடும் ஐ.சி.எஃப். கோச் சுமார் 18 மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப் போகும், ஆகவே உங்கள் மாடல் ரயில் லேஅவுட்டில் காட்டுகிற வருடம் 2003 என்றால் அடுத்து போக வேண்டிய தேதியாக 2003-ஓ 2004-ஓ எழுதுங்கள், 1999 வேண்டாம்.