பராமரிப்பு நீதிமன்றத்தில் முதல் சந்திப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மகளுக்காகப் பராமரிப்புத் தொகை கேட்டு வக்கீல் இல்லாமல்தான் போனேன். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. முதலில் பேசுவது மாஜிஸ்திரேட் அல்ல, பராமரிப்பு அதிகாரி. எதிரே பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருப்பார்.

பேச்சு முழுக்கக் கணக்குதான். 1998ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோர் இருவரும் அவரவர் வசதிக்கேற்பப் பொறுப்பு. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துப் போங்கள். பள்ளிக் கட்டணம், மருந்து, ஷூ வரை ரசீது வையுங்கள். நான் பள்ளி டாக்ஸிச் செலவை எழுத மறந்தேன். அது உத்தரவில் சேரவே இல்லை.

பழைய சண்டையைக் கிளப்பாதீர்கள், பாவம் பிள்ளை. இருவரும் ஒப்புக்கொண்டால் மாஜிஸ்திரேட் அதையே உத்தரவாக்குவார். தொகை போதாதென்றால் கையெழுத்து போடாதீர்கள். அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் முறையான விசாரணை நடக்கும்.