எந்த மேண்டலின் உங்கள் வாசிப்புக்குப் பொருந்தும்?

மேண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக அமைந்திருக்கும். வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்ப்பார்கள். இந்தப் பொது அமைப்பைத் தவிர்த்தால் வகைக்கு வகை வேறுபாடு அதிகம் என்பதால், எந்த இசையை வாசிக்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே விலையைக் கேட்பது நல்லது.

அமெரிக்காவின் புளூகிராஸ் என்னும் கிராமிய இசையில் மேண்டலின் தாளக் கருவியாகவும் வேலை செய்கிறது. கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அழுத்தி ஒரு வீச்சு மீட்டியவுடன் இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியைச் சட்டென்று அடக்கிவிடுவார்கள். இதற்கு, வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகளும் வளைவாகச் செதுக்கிய மேற்பலகையும் கொண்ட கருவி வேண்டும். கிப்சன் நிறுவனத்தின் எஃப்-5 இதற்கு முன்மாதிரி. புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ வாசித்தது 1923இல் செய்யப்பட்ட எஃப்-5தான். அதன் தோளில் சுருண்டிருக்கும் அலங்காரம் விலையை ஏற்றுகிறதே தவிர ஒலிக்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதே துளைகளும் மரமும் கொண்ட சுருள் இல்லாத எளிய ஏ வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

ஐரிஷ் நடன இசைக்கு, நீள்வட்டத் துளையுள்ள கருவியின் உருண்டையான, சற்று நீடிக்கும் நாதம் இதமாக இருக்கும். இத்தாலிய மரபை நாடுபவர்கள் குடம் போன்ற முதுகுடைய நேப்பிள்ஸ் வகையைப் பார்க்கலாம். அது மடியில் வழுக்கும். பழைய கருவியானால் மெல்லிய தந்திகளை மட்டுமே பூட்ட வேண்டும், தடித்தவை கழுத்தை வளைத்து மேற்பலகையையும் அமுக்கிவிடக்கூடும்.

கர்நாடக இசைக்கு இரட்டைத் தந்தியே இடையூறு. கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது இணையிலுள்ள இரண்டும் ஒரே அளவில் ஏறுவது அரிது. அதனால்தான் உ. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மேண்டலினை வாசித்தார். ராகம் வாசிக்க விரும்புபவர் எட்டுத் தந்திக் கருவியில் பணத்தைப் போடாமல், தொடக்கத்திலேயே அந்த வழிக்குப் போய்விடலாம்.

வகை முடிவானதும் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். துளையின் விளிம்பில் மேற்பலகையின் மர ரேகை வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் அது முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். விரல் தடித்தவர்களுக்கு, தந்திகள் கழுத்தின் தலைப்பகுதியில் ஏறும் இடத்தின் அகலம் 28 மில்லிமீட்டராக இருந்தால் நெருக்கமாகத் தோன்றும். 30 இருந்தால் வசதி. பன்னிரண்டாம் மெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில்) தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். சிறிது விலகினால் கவலையில்லை, பெரும்பாலான மேண்டலின்களில் குதிரையை (மேற்பலகைமேல் தந்திகளைத் தாங்கும் கட்டையை) ஒட்டியிருக்க மாட்டார்கள், நகர்த்திச் சரிசெய்யலாம். கழுத்தை ஒரு முனையிலிருந்து கண்ணோட்டமாகப் பார்க்கையில் முறுக்கியிருந்தால் மட்டும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.