சூடான பானெட்டைத் தொட்டுப் பார்க்காதவன் சொல்வது

"இப்பதான் தம்பி கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். சாவி இந்தாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார் விற்றவர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சாயங்கால நேரம். ஏழு பேர் உட்காரும் வண்டி, மீட்டரில் 1,94,000 கிலோமீட்டர். ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. வாங்கிவிட்டேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல மூன்று நொடி ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருந்தது. அண்ணன் எதற்காகக் கோயிலுக்குப் போய்வந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

நிறைய ஓடிய வண்டியை வாங்கும்போது செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்கக் கூடாது. சூட்டில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போயிருக்கும், பாதி நோய் தெரியாது. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, காலையில் போய் முதலில் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். எண்ணெய் அளக்கும் கம்பியையும் உருவிப் பாருங்கள். மோர் கலந்ததுபோல வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். (குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் லேசாக இருக்கலாம். கம்பியிலும் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.) கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் துருநிறமோ எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் புகைக்குழாய் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. குளிர்காலக் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, இனிப்பு வாசனையும் அடிக்கிறது என்றால் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும்.

அடுத்த தவறு, மீட்டரைப் பார்த்தே பயப்படுவது, அல்லது மீட்டரைப் பார்த்தே மயங்குவது. டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடிச் சேர்த்த இரண்டு லட்சம் வேறு. ஒவ்வொரு ரோபோட்டிலும் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) நின்று நின்று கிளட்ச்சைத் தேய்த்த எண்பதாயிரம் வேறு. நான் அடுத்ததாக வாங்கிய வண்டி 2,31,000 ஓடியது. பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தது, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருந்தது. ஆனால் கூடவே ஒரு தடித்த ஃபைலில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் இருந்தது. கொஞ்சம் அதிகம் கொடுத்தே வாங்கினேன். அதே தேய்மானத்தோடு மீட்டர் 90,000 என்று காட்டினால்தான் யோசிக்க வேண்டும். எண்ணைக் குறைப்பது எளிது, பழைய பெடலைப் பழையதுபோல் இல்லாமல் ஆக்குவதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் பல கம்பெனிகள் ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவில் மாற்றச் சொல்கின்றன. "மாத்தியாச்சு" என்ற சொல் போதாது, பில் வேண்டும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகளும் வளைந்துவிடும்.

தெருவை ஒருமுறை சுற்றிவிட்டு ஓட்டிப் பார்த்ததாக நினைப்பதும் தவறுதான். டர்பனை அடுத்த பைன்டவுனிலிருந்து எம்13 சாலையில் க்ளூஃப் நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம் இருக்கிறதே, அதில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஏற்றுங்கள். வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அந்தச் சுமையோடுதானே தினமும் ஓடப்போகிறது. வெப்ப முள் மேலே போகிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும்போது உதறுகிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை. காலியான பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். 'கட் கட்' என்று கேட்டால் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். இன்னொன்று: சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், எதையோ மறைக்க யாரோ கை வைத்திருக்கலாம்.

துருவைப் பற்றி டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கடற்காற்று நம் கதவின் அடித் தையலைத் தின்பது தெரிந்ததே. அதற்காக ஜிபி (ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணம்) நம்பர் பிளேட்டைக் கண்டதும் பாயவும் வேண்டாம். உலர்ந்த மேட்டுநிலத்தில் துரு குறைவு, ஆனால் அங்கே ஆலங்கட்டி மழை உண்டு. காலை வெயிலில் கூரையைச் சாய்வாகப் பார்த்தால் குழிகள் தெரியும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை டர்பனில் வந்த 2022 ஏப்ரல் வெள்ளம். ப்ரோஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே தண்ணீரில் நின்றது. ஊரில் எத்தனை வீட்டு வண்டிகள் மூழ்கின என்று நாம் கண்ணால் பார்த்தோம். அவற்றில் சில கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்திருக்கலாம். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது கூட வந்த மெக்கானிக் மாமா எதையும் பேசவில்லை. பின் சீட் பெல்ட்டைப் பிடித்து, இழுத்து, இனி வராது என்னும் அளவுக்கு வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் பெல்ட்டின் நிறம் மாறியது. அதற்குக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. "தண்ணி இதுவரைக்கும் நின்னுருக்கு" என்று விரலால் காட்டினார். உள்ளே எலுமிச்சை வாசனை கமகமவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, முகவிளக்குக்குள் ஈரப்பதம், இவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

டயர்: பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டயர் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வயதையும் பாருங்கள்.

"ரோட்வொர்தி இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற அந்தச் சான்றிதழ் பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் தருவது. இன்ஜின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பது அதன் வேலை இல்லை. பெயர் மாற்றத்துக்கு அது 60 நாள்தான் செல்லும். இன்ஜினுக்கு ஏஏ, டெக்ரா மாதிரி வண்டிகளைச் சோதித்துத் தரும் இடத்திலோ உங்கள் சொந்த மெக்கானிக்கிடமோ தனியாகக் காட்டுங்கள். விற்பவர் அனுப்பும் மெக்கானிக்கிடம் வேண்டாம்.

காகிதத்தில் நான் கண்ட பெரிய தவறு, பதிவுச் சான்றில் 'ஓனர்' பெயரை மட்டும் பார்ப்பது. 'டைட்டில்ஹோல்டர்' (சட்டப்படி உரிமை உள்ளவர்) என்று இன்னொரு வரி இருக்கும். அங்கே வங்கியின் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கலாம். வங்கியிடம் பாக்கித் தொகைக்கான கடிதம் வாங்கச் சொல்லி, அந்தப் பணத்தை நேராக வங்கிக்கே கட்டுங்கள். சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் காகிதத்தோடு பொருந்த வேண்டும். 'கோட் 3' என்றிருந்தால் அது நொறுங்கி மறுபடி கட்டிய வண்டி.

ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு சொல் வரும், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். தனியாரிடம் வாங்கும்போது அது செல்லும். குறை தெரிந்தே மறைத்தார் என்றால் செல்லாது, ஆனால் நிரூபிப்பது நம் தலையில். வியாபாரிகளிடம் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம் இல்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம், விற்பவர் சரிசெய்யவோ மாற்றவோ பணம் தரவோ வேண்டும். வாங்கும்போதே சொல்லிக் காட்டி நீங்கள் ஒப்புக்கொண்ட குறைக்கு அது பொருந்தாது. அதனால் வியாபாரி நீட்டும் குறைப் பட்டியலை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வாங்கியது தனியாரிடம். செயினுக்கும் சீலுக்கும் நான்தான் பணம் கட்டினேன்.