பனியில் வளையாத கண்காட்சி அட்டை

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். பாடசாலைக் கண்காட்சிக்கு முந்தின நாள் மண்டபத்தில் வைத்துவிட்டு வரும் அட்டை, விடியும்போது பனி ஈரத்தில் ஓரம் சுருண்டு நிற்கும். பாவம், பிள்ளைகள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்!

அட்டையின் முன்பக்கம் தாள் ஒட்டினால் பின்பக்கமும் அதே அளவு தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதால் வளைவது நன்றாகக் குறையும். பசையை மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள்.

அப்புறம், தேயிலைத் தொழிற்சாலை மாதிரி செய்கிறவர்களுக்கு: பச்சைக் கொழுந்து, வாடின கொழுந்து, அரைத்தது, காய்ந்த தூள் நான்கையும் சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் வையுங்கள். தூள் சீக்கிரம் ஈரம் இழுக்கும், அதனால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். பார்க்க வருபவர்களுக்குத் திறந்து மணக்கக் கொடுங்கள்.